படிக்கட்டில் இறங்கிய ஆறு: ஜெரோமின் மிதிவண்டிப் பயண நூல் பற்றி ஒரு மதிப்பீடு

பயண நூல்கள் இரு வகைப்படும். சென்ற இடத்தைக் காட்டுவன ஒரு வகை. சென்றவனைக் காட்டுவன மற்றொரு வகை. முன்னவை பயணம் முடிந்ததும் அலமாரிக்குப் போய்விடும். பின்னவை பயணம் போகாதவனுக்கும் துணையாக நிற்கும். ஆங்கில நகைச்சுவை எழுத்தாளர் ஜெரோம் கே. ஜெரோம் 1900ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘த்ரீ மென் ஆன் த பும்மல்’ பின்னதைச் சேர்ந்தது. மூன்று நண்பர்கள் ஜெர்மனி சென்று, காடும் பள்ளத்தாக்கும் கோட்டைகளும் நிறைந்த நாட்டுப்புறத்தில் மிதிவண்டியில் சுற்றிவரும் கதை அது. அமெரிக்காவில் இந்நூல் ‘த்ரீ மென் ஆன் வீல்ஸ்’ என்னும் பெயர் பெற்றது.

இந்நூல் என் கைக்கு வந்தது தில்லி தரியாகஞ்சில். ஞாயிற்றுக்கிழமைப் பழைய புத்தகச் சந்தை நடைபாதையில் நடந்துவந்த காலம் அது. அட்டை கிழிந்த படி. விலை இருபது ரூபாய். அரசுக் குடியிருப்பிலிருந்து அலுவலகத்துக்குப் பல்லாண்டுகள் சைக்கிள் மிதித்துச் சென்றவன் என்ற உரிமையில்தான் அதை வாங்கினேன். நகைச்சுவை நூல் என்று தொடங்கிய நான், முடிக்கும்போது சிரிக்கவில்லை. ஏன் என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நூலாசிரியர்

ஜெரோம் 1859இல் இங்கிலாந்தின் வால்சால் நகரில் பிறந்தவர். இளமையிலேயே தாய் தந்தையரை இழந்து, சிறு வயதில் இரயில்வே கம்பெனியில் எழுத்தர் வேலைக்குச் சென்றார். பின்னர் நாடக மேடை, ஆசிரியத் தொழில், வழக்குரைஞர் அலுவலகம் எனப் பல இடங்களில் உழன்றார். கோப்பும் பேரேடும் சூழ வாழ்க்கையைத் தொடங்கிய ஒருவர் உலகைச் சிரிக்க வைத்தார் என்பதில் நம் போன்ற எழுத்தர் குலத்துக்குச் சிறிது பெருமை உண்டு.

அவருக்குப் பெரும்புகழ் ஈட்டித் தந்தது 1889இல் வெளிவந்த ‘த்ரீ மென் இன் எ போட்’. தேம்ஸ் ஆற்றில் மூவர் படகில் சென்ற கதை. அதே மூவர், அதாவது கதை சொல்லி, ஹாரிஸ், ஜார்ஜ் ஆகியோர், பதினொரு ஆண்டுகளுக்குப் பின் மிதிவண்டி ஏறுகிறார்கள். இப்பொழுது இருவருக்குத் திருமணமாகிவிட்டது. மனைவியரிடம் விடுமுறைக்கு அனுமதி பெறுவது எங்ஙனம் என்று அஞ்சி அஞ்சித் திட்டமிடுகிறார்கள். மனைவியரோ, இவர்கள் சிறிது நாள் தொலைந்தால் நிம்மதி என்று முன்னமே எண்ணியிருக்கிறார்கள். எல்லா நாட்டுக் குடும்பங்களிலும் நடப்பதுதான்.

மிதிவண்டியின் இலக்கணம்

இன்று நாம் காணும் வடிவில் மிதிவண்டி அமைந்தது 1885இல் ஸ்டார்லி உருவாக்கிய ‘ரோவர்’ வண்டிக்குப் பின்னரே. காற்றடைத்த டயரை டன்லப் 1888இல் கண்டார். ஆகவே 1900இல் மிதிவண்டி புதுமை நீங்காத பொருள். நடுத்தர மக்களுக்கு முதன்முதலாகக் கிட்டிய சொந்த வாகனம். குதிரை வைத்திருக்க வசதியற்ற எழுத்தனும் பள்ளி ஆசிரியனும் தாம் நினைத்த திசையில் தாமே சென்றுவர அது வழி வகுத்தது.

இந்தப் புதுப்பொருளைப் பற்றிய ஜெரோமின் பகுதிகள் இன்றும் வாடாதவை. எடுத்துக்காட்டாக ஒன்று. நண்பர் ஒருவர் காலையில் வருகிறார். முன்சக்கரத்தை அசைத்துப் பார்க்கிறார், ஆடுகிறது என்கிறார். வேண்டாம் என்று தடுப்பதற்குள் கழற்றிவிடுகிறார். உள்ளிருந்த பால்ரஸ் குண்டுகள் பாதையெங்கும் உருள்கின்றன. அவற்றைப் பொறுக்கித் தொப்பியில் இட்டுவிட்டு, அடுத்ததாகச் சங்கிலிப் பெட்டியைத் திறக்கிறார். அன்று சவாரி இல்லை. ஆடாதிருந்த வண்டி ஆடத் தொடங்குகிறது. மிதிவண்டியால் உடற்பயிற்சி பெற இரண்டே வழிகள் உண்டு, ஒன்று அதைப் பிரித்துப் பூட்டுவது, மற்றொன்று அதில் ஏறி ஓட்டுவது என்பது ஜெரோம் வகுக்கும் இலக்கணம். இரண்டையும் ஒருவனே செய்ய முடியாது என்பது அவர் துணிபு.

விளம்பரப் படங்களைப் பற்றி எழுதியதும் அத்தகையதே. சுவரொட்டியில் சைக்கிள் ஓட்டும் மங்கை வியர்ப்பதில்லை, மிதிப்பதுமில்லை, மேகம் போல் மிதந்து செல்கிறாள். உண்மைச் சாலையிலோ வண்டியைத் தள்ளிக்கொண்டு மேடேறும் மனிதனைத்தான் காண்கிறோம். வரைபடத்தில் அளந்த தூரம் வேறு, கால் அளந்த தூரம் வேறு என்று அவர் சொல்வதை, எதிர்காற்றில் தில்லியின் மேம்பாலம் ஏறியவர் எவரும் மறுக்க மாட்டார்.

இருவர் ஓட்டும் நெட்டை வண்டியில் ஹாரிஸ் தம் மனைவியை ஹாலந்து நாட்டில் அழைத்துச் சென்ற கதையும் உண்டு. கற்கள் நிறைந்த சாலையில் வண்டி குலுங்குகிறது. கெட்டியாகப் பிடித்துக்கொள் என்கிறார் கணவர். குதித்துவிடு என்று கேட்கிறது மனைவிக்கு. அவள் குதித்துவிட்டாள். பின்னால் ஆளில்லை என்பதே தெரியாமல் அவர் நெடுந்தொலைவு சென்றுவிடுகிறார். பெண்ணை நகைப்பொருளாக்கும் அக்கால வழக்கம் இதில் இருக்கிறது என்று இன்றைய வாசகர் முகம் சுளிக்கலாம். நகைக்கப்படுபவர் உண்மையில் கணவர்தாம் என்பது ஊன்றிப் படித்தால் விளங்கும்.

ஆறு இல்லையென்னும் குறை

இந்நூல் முன்னதற்கு ஈடாகாது என்பது பலரும் கூறும் தீர்ப்பு. முதல் நூலுக்கு ஓர் ஆறு இருந்தது; ஆறே கதையைக் கோத்துச் சென்றது; இரண்டாம் நூலுக்கு அவ்வாறான நூலிழை இல்லை என்பர். இதில் உண்மை உண்டு. ஆறு ஒரு பயண நூலை எவ்வளவு அழகாகத் தாங்கும் என்பதை, சிட்டியும் தி. ஜானகிராமனும் சேர்ந்து எழுதிய ‘நடந்தாய் வாழி, காவேரி’ படித்த தமிழர் அறிவர். ஜெரோமின் மூவரோ ஹாம்பர்க், ஹானோவர், பெர்லின், டிரெஸ்டன், பிராகா எனப் பெரும்பாலும் இரயிலிலேயே தாவுகிறார்கள். பதினான்கு இயல்கள் கொண்ட நூலில், பாடன் நகரை அடைந்தபின், பத்தாம் இயலில்தான் சைக்கிள் பயணம் முறையாகத் தொடங்குகிறது. மிதிவண்டி நூல் என்று நம்பி வாங்கியவர் ஏமாற்றம் அடைவது இயல்பே.

ஆயினும் ‘ஆறு இல்லை’ என்னும் தீர்ப்பை நான் ஏற்கவில்லை. இந்நூலிலும் ஓர் ஆறு இருக்கிறது. அதன் நிலைதான் வேறு.

கருங்காடு என்று பொருள்படும் பெயருடைய மலைக்காட்டுப் பகுதி ஜெர்மனியின் தென்மேற்கில் உள்ளது. அங்கே வேர் என்னும் சிற்றாறு ஓடும் பள்ளத்தாக்கை ஜெரோம் முன்பு கண்டிருந்தார். மிக எழில் வாய்ந்த இடம் என்பது அவர் நினைவு. மீண்டும் சென்றபோது நூற்றுக்கணக்கான இத்தாலியத் தொழிலாளர்கள் அங்கே முகாமிட்டிருந்தார்கள். ஆற்றின் கரைக்குச் செங்கல் கட்டினார்கள். பாறைகளை வெடி வைத்துத் தகர்த்தார்கள். ஆறு அடக்கமாக இறங்கி வரச் சிமெண்டுப் படிக்கட்டு அமைத்தார்கள். துள்ளிக் குதித்த அருவிக்கு நடை பழக்கினார்கள். சில ஆண்டுகளில் மரங்களும் வரிசையில் நிற்கும், குறித்த தொலைவுக்கு ஓர் இருக்கையும் ஓர் அறிவிப்புப் பலகையும் ஓர் உணவு விடுதியும் வந்துவிடும் என்று சிரித்துக்கொண்டே எழுதுகிறார்.

முதல் நூலில் ஆறு மனிதரைச் சுமந்தது. இரண்டாம் நூலில் மனிதர் ஆற்றைப் படிக்கட்டில் இறக்குகின்றனர். நூலை உள்ளிருந்து கோக்கும் இழை இதுவே என்பது என் கருத்து. நன்றாக ஓடும் மிதிவண்டியைப் பிரித்துப் போட்ட நண்பரும், நன்றாக ஓடும் ஆற்றைத் திருத்திய அரசும் ஒரே இனம். தாமாக இயங்குவதைக் கண்டால் பொறாதவர்கள்.

சூளும் சூள் முறிவும்

நூலின் ஐந்தாம் இயலில் ஜெரோம் ஒரு சூள் உரைக்கிறார். இந்நூலில் பயனுள்ள செய்தி எதுவும் இராது. இயற்கை வருணனை இராது. வரலாறும் நீதியும் இரா என்பது அச்சூள். வருணனையை அடுக்கிப் பக்கம் நிரப்பும் பயண நூல்கள் மலிந்த காலத்தில் அது நல்ல கேலி. நம் மலைபடுகடாமும் மலையை வருணிக்கிறது. ஆனால் அங்கே காட்சி, நடந்து செல்லப்போகும் கூத்தருக்கு வழித்துணையாக வருகிறது. வெறும் அணியாக வருவதில்லை. ஜெரோம் எதிர்த்தது வெறும் அணியைத்தான்.

அச்சூளை அவரே ஓரிடத்தில் முறித்துவிடுகிறார். பாடனிலிருந்து பத்து நாள் சவாரிக்குத் திட்டமிடும்போது, டான்யூப் பள்ளத்தாக்கையும் அதில் சேர்க்கின்றனர். டுட்லிங்கனிலிருந்து சிக்மரிங்கன் வரை ஏறத்தாழ இருபது மைல். ஜெர்மனியின் தலைசிறந்த பள்ளத்தாக்கு இதுவாகலாம் என்று கூறி, ஒரே நெடிய வாக்கியத்தில் அனைத்தையும் காட்டிவிடுகிறார். குறுகி வளையும் ஆறு, மாறாத பழஞ்சிற்றூர்கள், பசும்புல் நடுவே மடங்கள், வெறுங்காலுடன் ஆடு மேய்க்கும் துறவி, இருபுறமும் செங்குத்துப் பாறைகள், ஒவ்வொரு பாறை முடியிலும் இடிந்த கோட்டையோ கோயிலோ அரண்மனையோ. நகைச்சுவை அங்கே ஒரு கணம் ஓய்வெடுக்கிறது. படிக்கட்டு கட்டப்படாத ஆற்றைக் கண்டதும் கேலி செய்ய அவருக்கு மனம் வரவில்லை என்று கொள்வதில் பிழையில்லை.

இன்று டோனாவெஷிங்கனில் தொடங்கும் டான்யூப் மிதிவண்டிப் பாதை அப்பள்ளத்தாக்கின் வழியே செல்கிறது. ஆண்டுதோறும் ஏராளமானோர் மிதித்துச் செல்கின்றனர். பாறை மேலிருக்கும் வில்டன்ஸ்டைன் கோட்டை இளைஞர் விடுதியாகிவிட்டது. நூலுக்கும் நிலத்துக்கும் உள்ள உறவு நூற்றாண்டு கடந்தும் அறவில்லை.

நகை நின்ற இடம்

நூலின் இறுதிப் பகுதிகளில் தொனி மாறுகிறது. மாணவர்கள் வாளால் ஒருவரை ஒருவர் முகத்தில் வெட்டிக்கொள்ளும் ‘மென்சூர்’ என்னும் வழக்கத்தை அவர் நேரில் கண்டு, செய்பவரையும் பார்ப்பவரையும் அது விலங்காக்குகிறது என்று கண்டிக்கிறார். அதன்பின் ஜெர்மானியக் குடிமகனைப் பற்றிப் பேசுகிறார். அன்புள்ளவர், உழைப்பாளி, நேர்மையாளர் என்று மனமாரப் பாராட்டுகிறார். ஆனால் எங்கே நடக்க வேண்டும், எங்கே உட்கார வேண்டும் என்பதைக் காவலர் சொல்லக் கேட்டு, கேட்டபடி நடப்பதையே அறமாகக் கொண்டுவிட்டார் என்கிறார். இதுவரை நல்ல ஆட்சி அமைந்தது அவர்களது நற்பேறு. என்றேனும் ஆட்சிப் பொறியில் கோளாறு நேரும்போதுதான் அவர்களுக்குத் துன்பம் தொடங்கும் என்பது அவர் எச்சரிக்கையின் சாரம்.

எழுதப்பட்டது 1900இல். 1914இல் முதல் உலகப் போர் மூண்டது. ஐம்பது வயதைக் கடந்திருந்த ஜெரோம், பிரெஞ்சுப் படையின் நோயாளர் ஊர்தி ஓட்டியாகத் தொண்டு செய்யப் போனார். 1927இல் அவர் மறைந்தார். 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். பொறி கெட்டது, கேட்டபடி நடந்தவர்கள் கேட்டபடியே நடந்தார்கள். 1944ஆம் ஆண்டு செப்டம்பரில், நாஜிகளுக்குத் துணைபோன பிரெஞ்சு விஷி அரசின் தலைவர்களைக் கொண்டுவந்து வைத்த இடம், ஜெரோம் வியந்த அதே பள்ளத்தாக்கின் கடைசியில் நிற்கும் சிக்மரிங்கன் அரண்மனை. முதியவரான மார்ஷல் பெத்தான் அங்கே தங்க வைக்கப்பட்டார். 1945 ஏப்ரல் வரை அந்த நிழல் அரசு அங்கிருந்தது. பாறை மேல் கோட்டையைப் பார்த்து மகிழ்ந்த மிதிவண்டிக்காரர் இதைக் கனவிலும் கண்டிருக்க மாட்டார். எனினும் அவர் எழுதிய எச்சரிக்கை அக்கோட்டை வாயில் வரை வந்து சேர்ந்திருக்கிறது.

இவ்விடத்தில் ஜெரோமின் குறையையும் கூறுதல் வேண்டும். பணிவு என்பதை அவர் ஓர் இனத்தின் பிறவிக் குணமாகப் பேசுகிறார். அது பிழை. பணிவு பள்ளியிலும் பாசறையிலும் அலுவலகத்திலும் பயிற்றப்படுவது. எந்த மக்களுக்கும் பயிற்றலாம். ஜெர்மானியரின் அறிவிப்புப் பலகைகளை எண்ணிய ஆங்கிலேயர், அக்காலத்தில் தம் நாடு கடல் கடந்து நிறுத்திய பலகைகளை எண்ணவில்லை. அடிமைப்பட்டிருந்த நாட்டின் வழிவந்த வாசகர் இதைக் கவனியாமல் இருக்க முடியாது. ஆங்கிலேயரை அவர் முற்றிலும் விட்டுவிட்டார் என்றும் சொல்வதற்கில்லை. எந்த மொழியும் கற்காமல் கையில் பணப்பையுடன் திரியும் ஆங்கிலப் பயணியே ஐரோப்பா எங்கும் ஆங்கிலத்தைப் பரப்பினான் என்று அவர் எள்ளுவது கூர்மையான அடி. ஊர் விட்டு ஊர் வந்து, வாழ்வதற்காக மற்றொரு மொழியைக் கற்ற நம் பெற்றோரை நினைத்தால் அந்த அடியின் பொருள் இன்னும் நன்றாக விளங்கும்.

நமக்கு இந்நூல்

பொறி என்ற சொல்லால் நூலின் இரு முனைகளும் இணைவதை இப்போது காணலாம். தொடக்கத்தில் மிதிவண்டி என்னும் பொறி. முடிவில் ஆட்சி என்னும் பொறி. மிதிவண்டியின் சிறப்பு, ஓட்டுபவன் தானே திசை தேர வேண்டும், தானே சமன் காக்க வேண்டும் என்பது. கைப்பிடியை விட்டுவிட்டு உட்கார்ந்திருப்பவன் விழுவான். இரயிலில் அமர்ந்தவனுக்கு அக்கவலை இல்லை. தண்டவாளம் எங்கு கொண்டுபோகிறதோ அங்கு போவான். மூவரும் பாதி நாட்டை இரயிலில் கடந்து மீதியை மிதித்துக் கடந்ததை நூலின் கட்டுக்கோப்புக் குறைவு என்றார்கள். அந்த வேறுபாட்டில்தான் நூலின் கருத்தே அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

மைய அரசின் எழுத்தனாகிய எனக்கு இது வெறும் இலக்கியச் செய்தி அன்று. நாளும் கோப்பில் குறிப்பெழுதி மேலே அனுப்புகிறவன் நான். மேலிருந்து வந்ததைக் கீழே அனுப்புகிறவனும் நானே. பொறியின் ஒரு சிறு திருகு. திருகு தன் இடத்தில் இறுக்கமாக இருப்பது நல்லதுதான். அது இல்லாவிட்டால் வண்டி ஓடாது. ஆனால் கைப்பிடி எத்திசையில் திரும்பியிருக்கிறது என்று திருகும் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும் என்று இந்நூல் எனக்குச் சொன்னது. நான் சிரிக்காமல் நூலை மூடியது அதனால்தான்.

இறுதியாகத் தலைப்பைப் பற்றி. பும்மல் என்பது சென்னைக்கு அருகிலுள்ள பம்மல் அன்று. அது காலார உலவுதலைக் குறிக்கும் ஜெர்மன் சொல். நூலின் கடைசியில் ஜார்ஜ் கேட்க, கதை சொல்லி அதற்குப் பொருள் கூறுகிறார். நெடியதோ குறியதோ, எல்லை வகுக்காத பயணம். ஒரே கட்டுப்பாடு, குறித்த காலத்துக்குள் புறப்பட்ட இடத்துக்குத் திரும்பிவிட வேண்டும் என்பது. இக்கருத்தைப் படித்த மைய அரசு ஊழியர் எவரும் புன்னகை செய்வர். இரண்டாண்டுக்கு ஒருமுறை சொந்த ஊர் சென்றுவரக் கிடைக்கும் விடுப்புப் பயணச் சலுகையின் இலக்கணமும் அதுவேயன்றோ! தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறும்போதே திரும்பும் நாள் பயணச்சீட்டில் அச்சாகியிருக்கிறது.

ஆனால் ஜெரோமின் மூவருக்குப் புறப்பட்ட இடம் எது என்பதில் ஐயமில்லை. இலண்டன், வீடு, மனைவி மக்கள். நமக்கோ? ஊருக்குப் போகிறோம் என்று சொல்லித் தில்லியிலிருந்து புறப்படுகிறோம். ஊரிலிருந்து கிளம்பும்போது, வீட்டுக்குத் திரும்புகிறோம் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். ஒரே பயணத்தில் தந்தைக்குப் போக்காக இருப்பது மகனுக்கு வரவாக இருக்கிறது. என் மகனிடம் இந்தச் சொல்லின் பொருளைச் சொன்னபோது, ‘அப்படியானால் நாம் புறப்பட்ட இடம் எதுப்பா?’ என்று கேட்டான். நூலில் அதற்கு விடை இல்லை. விடையை அவரவரே மிதித்துச் சென்று காண வேண்டும்.

ஆற்றைப் படிக்கட்டில் இறக்கிய காலத்தைப் பார்த்துச் சிரித்த ஒருவர், சிரிப்பினூடே நாம் எங்கிருந்து புறப்பட்டோம், யார் கையில் கைப்பிடி இருக்கிறது என்னும் இரு வினாக்களை விட்டுச் சென்றிருக்கிறார். முதல் நூல் அளவுக்குச் சிரிப்பு இதில் இல்லாதிருக்கலாம். முதல் நூலில் இல்லாத சிந்தனை இதில் உண்டு. சங்கத்து நூலகத்தில் எடுத்துப் படிக்க நேர்ந்தால், அன்பர்கள் பிள்ளைகளையும் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு படித்தல் நலம்.